கட்டம் ஆறு: காரணம்

பன்னிரண்டாயிரம் ரூபாய்.
மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால்
வந்த வழியே திரும்பிப் போய்விடும்.
மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும்.
படிவத்தில் ஆறு கட்டங்கள்,
ஆறாவது: காரணம்.

அரசு வழக்குரைஞர்கள் நாங்கள் மூவர்,
ஒரு மின்விசிறி, ஒரு அலமாரி.
அலமாரியின் உடைந்த காலுக்குத்
தொண்ணூற்றெட்டாம் வருடத் தீர்ப்புத் தொகுதி
முட்டுக்கொடுத்து நிற்கிறது.
நம்மிடம் இன்றும் வேலை பார்க்கிற
ஒரே புத்தகம் அதுதான் என்பான் மாச்சய்யா.
மற்றதெல்லாம் சட்டம் மாறிய ஒரே இரவில் கிழடாகிப்போயின.
சினிமா பார்க்கிற குழந்தைக்கும் தெரிந்த முந்நூற்றிரண்டு
நூற்று மூன்றுக்குக் குடிபோய்விட்டது.
நானூற்றிருபது மட்டும்
எண்ணை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப்
பேரை ஜனங்களிடமே விட்டுவைத்திருக்கிறது.

மாச்சய்யாவுக்கு வேண்டியது
காயங்களைப் பற்றிய தடித்த புத்தகம், வண்ணப் படங்களோடு.
கத்தியைவிடக் காயம் ஏன் குறுகலாக இருக்கிறது என்று கேட்டுப்
போன தீபாவளிக்கு முன் அவனை உட்காரவைத்தார்கள்.
நூர்ஜபீனுக்குக் கைப்பேசித் தடயங்கள் பற்றி ஏதாவது.
"ஹேஷ் மதிப்பு என்றால் என்னவென்று நீதிபதி கேட்டார்,
நான் இருமினேன்."

சனிக்கிழமை அவென்யூ ரோடு. நல்ல வெயில்.
கடைக்காரர் குறுக்கு விசாரணைக்கென்று
ஏழு புத்தகங்களை எடுத்து அடுக்கினார்.
நான்கின் அட்டையில் மரச்சுத்தியல்.
பதினோரு வருடத்தில் பெங்களூரில் எந்த நீதிபதியும்
சுத்தியல் தட்டி நான் பார்த்ததில்லை.
மேசையைத் தட்டுவார்கள், பேனாவால்.
ஒன்றைப் பிரித்தேன்.
பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்றது.
சரி.
பதிலே காதில் விழாதபோது என்ன செய்வது?
அட்டவணையைத் தேடினேன். இல்லை.

பச்சையம்மாள், சாட்சி எண் நான்கு.
கலாசிபாளையத்தில் ராத்திரி இட்லி விற்கிறவள்.
லாரி கிளீனரைக் குத்தியவனை
சாம்பார்க் கரண்டி தூரத்தில் பார்த்தவள்.
எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்:
"விளக்குக்கம்பம் அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்,
முகம் தெரிந்திருக்காது, இல்லையா?"
அவள் சொன்னாள்:
"ம்."

கேட்கிறேன், மேலே சொல்லு என்கிற ம்.
வாடிக்கையாளர் குடும்பக்கதை பேசும்போது
தட்டில் இட்லி வைத்துக்கொண்டே சொல்கிற ம்.
மொழிபெயர்ப்பாளர் தலையாட்டினார்.
தட்டச்சர் கன்னடத்தில் அடித்தார்: நிஜ.

அந்த நேரம் நான்
பழைய நூற்றைம்பத்துநான்கு புதியதில் எது என்று
குனிந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.
நூற்றைம்பத்தேழு. கண்டுபிடித்தேன்.
நிமிர்ந்தபோது அவள் கூண்டைவிட்டு
இறங்கிக்கொண்டிருந்தாள்.
தீர்ப்பின் பதினான்காம் பத்தியில் அந்த நிஜ இருக்கிறது.
பதினைந்தாம் பத்தியில் விடுதலை.

காயம் ஒன்று, கைப்பேசி ஒன்று,
புதுச்சட்டங்கள் மூன்று செட்.
சுத்தியல் போட்டது எதுவும் வேண்டாம்.
மிச்சப் பணத்தில்
தமிழ்-கன்னட அகராதி, நானூற்றைம்பது ரூபாய்.

"இது சட்டப் புத்தகமே இல்லையே மேடம்,
ஆடிட்டில் கேட்பாங்க" என்றார் ரேவணசித்தய்யா.
"அதுவுமில்லாமல் நீங்களே தமிழ்தானே?"
ஆறாம் கட்டத்தில் எழுதினேன்:
அ.சா. 4, "ம்".
படித்தார். என்னைப் பார்த்தார்.
வெள்ளை மை தடவி, ஊதி,
'அலுவலகப் பயன்பாட்டுக்கு' என்று எழுதிக்கொண்டார்.

மெட்ரோவில் நின்றபடியே பிரித்துப் பார்த்தேன்.
மகடூஉ இருக்கிறது, மஃகான் இருக்கிறது.
ம் இல்லை.
அல்சூர் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு,
இலக்கணப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தாறு எடுத்தவள் நான்.
அதில் சரியாக எழுதிய ஒன்று
இந்திராநகர் தாண்டும்போது ஞாபகம் வந்தது:
மெய் மொழிக்கு முதலில் வராது.